ஊர்தியும் உடைமையும்

(தசலக்ஷணப் பெருநாளின் ஒன்பதாம் நாளுக்குரிய உத்தம ஆகிஞ்சன்யம் பற்றிய உரை)



பத்து அறங்களுள் ஒன்பதாவதாக நிற்பது ஆகிஞ்சன்யம். 'எனது என்று ஒன்றும் இல்லை' என்னும் நிலையே அதன் பொருள். துறவியர்க்கு இவ்வறம் முழுமையாக உரியது. மயிற்பீலியும் கமண்டலமும் அன்றி வேறு அறியாத முனிவர்களைப் போற்றி, இந்நாளில் உரைகள் பல நிகழ்கின்றன. கேட்போர் உள்ளம் உருகுகின்றனர்; கைகூப்புகின்றனர்; பின்னர்த் தத்தம் இல்லம் திரும்புகின்றனர். ஆயின் இல்லறத்தார் முன்நிற்கும் வினா வேறு. 'ஒன்றும் இல்லை' என்பது அவர்க்கு இயலாது. 'எது வேண்டும், எவ்வளவு வேண்டும், எதனோடு நிறுத்த வேண்டும்' என்பதே அவர் விடைகாண வேண்டிய வினா. அவ்வினா இன்று போளூர், ஆரணி, வந்தவாசி, செய்யாறு வட்டாரங்களில் வாழும் குடும்பங்களின் திண்ணையில் ஒரு குறிப்பிட்ட வடிவம் கொண்டு நிற்கிறது. 'எஸ்.யு.வி. வண்டி ஒன்று வாங்கலாமா?' என்பதே அது. அவ்வினாவை இந்நாளுக்குரிய பொருளாகக் கொண்டு ஆராய்தல் பொருத்தமேயாகும்.

ஆசை எங்கிருந்து பிறக்கிறது?

ஒரு தலைமுறைக்கு முன் இவ்வட்டாரத்தில் உயரமான வண்டி என்றால் அது ஜீப். வனத்துறைக்கும் காவல்துறைக்கும் பெருநிலக்கிழார் சிலர்க்கும் உரியதாக இருந்தது. மகிந்திரா நிறுவனம் 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அதன் வழிவந்தவையே இன்றைய பெருவண்டிகளுள் பல. 2012-இல் ஓரகடத்திலிருந்து டஸ்டரும், 2013-இல் மறைமலைநகரிலிருந்து ஈகோஸ்போர்ட்டும், 2015-இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கிரெட்டாவும் வெளிவந்தபின், அவ்வகை வண்டி நடுத்தர இல்லங்களின் கனவாயிற்று. 2024–25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற பயணியர் வண்டிகளுள் ஏறத்தாழ 65 விழுக்காடு, எஸ்.யு.வி.களையும் பல்பயன் வண்டிகளையும் உள்ளடக்கிய பயன்பாட்டு வண்டி வகையைச் சேர்ந்தவை. உலக அளவிலும் 2023-இல் விற்ற கார்களில் ஏறக்குறையப் பாதி இத்தகையனவே என்று பன்னாட்டு ஆற்றல் முகமை கணக்கிட்டுள்ளது. எனவே, இவ்வாசையை ஓர் ஊரின் குறை என்றோ ஒரு சமூகத்தின் வீண்பெருமை என்றோ கூறிவிடல் நேர்மையன்று.

ஆசைக்கு நியாயமான காரணங்களும் உள. முழங்கால் நோவுடைய முதியவர் தாழ்ந்த காருக்குள் குனிந்து அமர்ந்து, மீண்டும் எழுவது பெருந்துன்பம். உயர்ந்த இருக்கை அவர்க்கு உதவும். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என எழுவர் உள்ள இல்லத்திற்கு ஐவர் அமரும் வண்டி போதாது. கழனிக்குச் செல்லும் வண்டித்தடத்தில் மழைக்காலத்தில் தாழ்ந்த வண்டியின் அடிப்பாகம் தட்டும். சென்னையிலும் பெங்களூரிலும் பணிபுரியும் பிள்ளைகள், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெட்டிகளோடும் குழந்தைகளோடும் ஊர் வருகின்றனர். இவை யாவும் மெய்யான தேவைகள். இவற்றை எள்ளி நகையாடும் அறவுரை, கேட்போர் செவியில் நில்லாது.

ஆனால் தேவை என்பது வேறு. தேவையின் பெயரால் வரும் விழைவு என்பது வேறு. இரண்டையும் பிரித்தறிய இரு கோல்கள் உள. ஒன்று கணக்கு, மற்றொன்று அறநூல். முதலில் கணக்கைக் காண்போர், பின்னர் அறநூலின் ஆழத்தை எளிதில் உணர்வர்.

கணக்கு கூறுவது

காட்சியகத்தில் 15 இலட்சம் ரூபாய் விலை கூறப்படும் நடுத்தர எஸ்.யு.வி. ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோர் முதலில் அவ்விலையின் உள்ளீட்டைக் காண வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு மேற்பட்ட நீளமோ, பெட்ரோலுக்கு 1200 சி.சி., டீசலுக்கு 1500 சி.சி. என்னும் எல்லையைக் கடந்த எந்திரமோ உடைய கார்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 40 விழுக்காடு. அவ்வெல்லைக்குள் அடங்கும் சிறு கார்களுக்கு 18 விழுக்காடு. முன்னர்ப் பெருவண்டிகளுக்கு 45 முதல் 50 விழுக்காடு வரை இருந்த சுமை குறைந்ததால், 'விலை இறங்கிவிட்டது' என்று பலரும் மகிழ்ந்தனர். இறங்கியது உண்மை. ஆயினும் 15 இலட்சத்துள் ஏறத்தாழ 4 இலட்சத்து 28 ஆயிரம் ரூபாய் இன்னும் அவ்வரியே.

அதன்மேல் தமிழ்நாட்டின் ஆயுட்கால வரி வருகிறது. 2023 நவம்பர் முதல் 5 இலட்சம் வரை 12 விழுக்காடு, 5 முதல் 10 இலட்சம் வரை 13, 10 முதல் 20 இலட்சம் வரை 18, அதற்கு மேல் 20 விழுக்காடு என அது விதிக்கப்படுகிறது. 10 இலட்சம் என்னும் கோட்டைத் தாண்டியதும் வரி 13-இலிருந்து 18-ஆகத் தாவுவதைக் கருத வேண்டும். 15 இலட்சம் ரூபாய் வண்டிக்கு இவ்வரி மட்டும் 2 இலட்சத்து 70 ஆயிரம். காப்பீடும் பதிவுச் செலவும் 60 ஆயிரம் எனக் கொண்டால், வண்டி சாலைக்கு வரும்போது 18 இலட்சத்து 30 ஆயிரம் ஆகிறது. இதில் ஏறக்குறைய 7 இலட்சம் ரூபாய் இருவகை வரி. வண்டியை விற்கும் நாளில் இவ்வரியைத் தனியே திருப்பித் தருவார் எவருமிலர்.

இனித் தவணை. 12 இலட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் ஏழாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 19,300 ரூபாய். 84 தவணைகளும் கட்டி முடிக்கும்போது கட்டிய தொகை 16 இலட்சத்து 20 ஆயிரத்தைத் தாண்டும். வட்டி மட்டும் 4 இலட்சத்து 20 ஆயிரத்திற்கு மேல். விற்பவர் 'மாதம் 19,300தான்' என்பார். அந்தத் 'தான்' என்னும் அசையில் ஏழாண்டுகள் மறைந்து கிடக்கின்றன.

மூன்றாவது, தேய்மானம். காப்பீட்டு நிறுவனங்கள் வண்டியின் மதிப்பைக் கணக்கிட வைத்துள்ள அட்டவணை ஒன்று உண்டு. ஆறு மாதத்திற்குள் 5 விழுக்காடு, ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றாண்டுக்குள் 30, நான்காண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50 விழுக்காடு என மதிப்பு குறைக்கப்படும். சந்தை விலை சற்று முன்பின் ஆகலாம். ஆயினும் ஐந்தாண்டில் பாதி என்பது நியாயமான மதிப்பீடு. நிலம் அவ்வாறு தேய்வதில்லை. பொன்னும் அவ்வாறு தேய்வதில்லை. வாங்கிய அன்றே தேயத் தொடங்கும் பொருளை நீண்டகாலக் கடனில் வாங்குவதன் இயல்பு இதுதான்: கடன் மெல்லக் குறைகிறது, மதிப்பு விரைந்து குறைகிறது.

இவற்றை ஒருங்கே கூட்டிக் காணலாம். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டும் இல்லம் ஒன்று அவ்வண்டியை ஐந்தாண்டு வைத்திருந்து 7 இலட்சத்து 50 ஆயிரத்திற்கு விற்கிறது என்று கொள்க. மதிப்பிழப்பு 10 இலட்சத்து 80 ஆயிரம். ஐந்தாண்டில் கட்டிய வட்டி 3 இலட்சத்து 80 ஆயிரம். லிட்டருக்கு 13 கிலோமீட்டர் என்றும், பெட்ரோல் 100 ரூபாய் என்றும் கொண்டால் எரிபொருள் 3 இலட்சத்து 7 ஆயிரம். பராமரிப்பும் காப்பீட்டுப் புதுப்பிப்பும் ஆண்டுக்கு 40 ஆயிரம் வீதம் 2 இலட்சம். ஆக மொத்தம் 19 இலட்சத்து 67 ஆயிரம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3 இலட்சத்து 93 ஆயிரம். மாதம் 32 ஆயிரத்திற்கு மேல். ஒரு கிலோமீட்டருக்கு 49 ரூபாய். கைப்பணமாகக் கொடுத்த 6 இலட்சத்து 30 ஆயிரம் வங்கியில் ஈட்டியிருக்கக்கூடிய வட்டி இதிற் சேரவில்லை.

7 இலட்சம் ரூபாய்ச் சிறு காருக்கு இதே கணக்கைப் போட்டால், சாலை விலை 8 இலட்சத்து 30 ஆயிரம் அளவில் நிற்கும். 5 இலட்சம் கடன், லிட்டருக்கு 18 கிலோமீட்டர், பராமரிப்புக்கு ஆண்டுக்கு 25 ஆயிரம் எனக் கொண்டு, அதுவும் பாதி விலைக்கு விற்கப்பட்டால், ஐந்தாண்டுச் செலவு ஏறத்தாழ 9 இலட்சத்து 87 ஆயிரம். கிலோமீட்டருக்கு 25 ரூபாய்க்குள். வண்டியே வாங்காமல், ஆண்டு முழுவதும் கிலோமீட்டருக்கு 20 ரூபாய் வீதம் பெரிய வண்டியை வாடகைக்கு அமர்த்தினால், 8,000 கிலோமீட்டருக்கு 1 இலட்சத்து 60 ஆயிரம். ஓட்டுநர் படியும் காத்திருப்புக் கட்டணமும் சேர்த்து 2 இலட்சம் என்றாலும், அது சொந்தப் பெருவண்டியின் ஆண்டுச் செலவில் ஏறக்குறையப் பாதியே.

சிறு காருக்கும் பெருவண்டிக்கும் ஐந்தாண்டில் வேறுபாடு 9 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய். ஒரு பெண் பிள்ளையின் மேற்படிப்பு, ஓர் ஆழ்துளைக் கிணறும் அதற்குரிய பம்பு செட்டும், முதியவர் ஒருவரின் அறுவை மருத்துவம் ஆகியவற்றை இத்தொகையோடு அருகருகே வைத்து நோக்க வேண்டும். வண்டியின் உண்மை விலை காட்சியகச் சீட்டில் எழுதப்பட்டிருப்பதன்று. அதனால் இல்லத்தில் நடவாமற் போவது எதுவோ, அதுவே அதன் விலை.

இக்கணக்கு மாறும் இடமும் உண்டு. ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு மதிப்பிழப்பும் வட்டியும் அதிக தூரத்தின்மேல் பரவுவதால், கிலோமீட்டர்ச் செலவு ஏறக்குறையப் பாதி அளவிற்கு இறங்கும். தொழிலுக்காக நாளும் அலைவோர்க்கும், எழுவர் எண்மர் அடிக்கடி ஒருங்கே செல்லும் இல்லத்திற்கும் பெருவண்டி பயன் தரும். எனவே விடை வண்டியில் இல்லை. அது ஓடும் தூரத்திலும் அதில் அமரும் ஆட்களின் எண்ணிக்கையிலும் உள்ளது.

மலைப்பாதையும் பாதுகாப்பும்

'ஜவ்வாது மலையடிவாரத்தில் வாழ்கிறோம். மலையேறப் பெருவண்டி வேண்டாவா?' என்பது அடுத்த வாதம். போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஜமுனாமரத்தூர் செல்லும் மலைச்சாலையில் அரசுப் பேருந்தும் ஏறுகிறது. சாமையும் புளியும் ஏற்றிய சிறு சரக்கு வண்டியும் இறங்குகிறது. இருசக்கர வண்டியில் மலைவாழ் மக்கள் நாளும் வந்து போகின்றனர். தார்ச்சாலை உள்ளவரை சிறு காரும் ஏறும். மேலும், விற்பனையாகும் எஸ்.யு.வி.களுள் பெரும்பாலானவை இரு சக்கரங்களை மட்டுமே எந்திரம் இயக்கும் வகை. நான்கு சக்கரமும் இயங்கும் வகை தனி; அதன் விலையும் தனி. உயரத்தைக் கண்டு 'இது மலைக்கான வண்டி' என்று எண்ணுவது தோற்றத்தை மெய்யெனக் கொள்வதாகும். நற்காட்சி பற்றி நாளும் கேட்கும் சமூகம், வண்டி வாங்கும் போதும் நற்காட்சியோடு வாங்க வேண்டும்.

தலயாத்திரைக்கும் இதே அளவுகோல் பொருந்தும். திருமலை, ஆரணியை அடுத்த பூண்டி, பொன்னூர் மலை, மேல்சித்தாமூர், திருநறுங்கொண்டை, திருப்பருத்திக்குன்றம் என எத்தலத்திற்கும் தார்ச்சாலை உண்டு. திருமலைக்கு அண்மையில் வடமாதிமங்கலத்தில் இரயில் நிலையமும் உண்டு. காட்பாடி–விழுப்புரம் இருப்புப்பாதை அவ்வழியே செல்கிறது. ஆண்டில் ஐந்தாறு முறை செல்லும் யாத்திரைக்காக, மற்ற முந்நூற்று அறுபது நாள் வாயிலில் நிற்கும் வண்டியை வாங்குதல் பொருந்துமா என்பதை எண்ணுக.

பாதுகாப்பு பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. வண்டி பெரிதாயின் உயிர்க்குக் காவல் மிகுதி என்பர். மோதலில் எடைமிக்க வண்டியினுள் இருப்போர்க்குச் சில நன்மை உண்டு என்பது மெய். எனினும் பாதுகாப்பு அவ்வவ் வண்டியின் கட்டமைப்பைச் சார்ந்தது. 2023 அக்டோபர் முதல் நடைமுறையிலுள்ள பாரத் என்காப் சோதனையின் விண்மீன் தரத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நான்கு மீட்டருக்கு உட்பட்ட, உயரம் குறைந்த டிசையர் கார் 2024-இல் குளோபல் என்காப் சோதனையில் பெரியவர் பாதுகாப்பிற்கு ஐந்து விண்மீன் பெற்றது. உயர்ந்த வண்டிக்குப் புவியீர்ப்பு மையமும் உயர்வதால், வளைவில் விரைந்து திருப்பும்போது கவிழும் அச்சம் தாழ்ந்த காரினும் கூடுதல். மலைச்சாலையின் கொண்டையூசி வளைவில் இதை மறத்தல் ஆகாது.

சமணர்க்குச் சிறப்பாகப் படவேண்டிய செய்தி மற்றொன்று. பாதுகாப்பு என்பது வண்டிக்குள் இருப்போர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முன்மூடி ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்த வண்டிகள், தாழ்ந்து சரிந்த முன்மூடி உடையவற்றினும் பாதசாரிகளுக்கு உயிர்ச்சேதம் விளைக்கும் வாய்ப்பு 45 விழுக்காடு மிகுதி. அந்நாட்டின் மிகப் பெரிய வண்டிகள் இங்குக் குறைவு என்பது உண்மையே. ஆயினும் உயர்ந்த முன்மூடிக்கு முன்னே குழந்தையும் ஆட்டுக்குட்டியும் கண்ணுக்குப் புலப்படா என்பது எங்கும் பொது. வீட்டு வாயிலில் வண்டியைப் பின்னோக்கி எடுக்கும் போதும், சந்தைத் தெருவில் செல்லும் போதும் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அறநூல் கூறுவது

இனி அறநூலுக்கு வரலாம். சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழியே தமிழில் குறள் வெண்பாவால் அமைந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார் ஒழுக்கத்தை வகுத்துரைக்கும் நூல்கள். அவை கூறும் ஐந்து அணுவிரதங்களுள் ஐந்தாவது பரிக்கிரக பரிமாணம்; பொருளுக்கு எல்லை வரைந்து, அவ்வெல்லைக்கு மேல் விழையாதிருத்தல். புறப்பற்றுகள் பத்து என எண்ணும் வரிசையில் நிலம், வீடு, பொன், தானியம் முதலியவற்றோடு யானம் என்னும் ஊர்தியும் ஒன்றாக வைத்து எண்ணப்படுகிறது. ஊர்தி ஆசை இந்நூற்றாண்டில் பிறந்ததன்று.

இவ்விரதத்திற்கு நேரும் குற்றங்களாகச் சமந்தபத்திரர் ஐந்தினைக் குறித்துள்ளார்: அதிவாகனம், அதிசங்கிரகம், விஸ்மயம், லோபம், அதிபாரவாகனம். இவற்றுள் முதலில் நிற்பதே வாகனம் பற்றியது. உயிர்களை அளவிற்கு மேல் ஓட்டி வருத்துதல் என்றும், தேவைக்கு மேற்பட்ட ஊர்திகளை வைத்திருத்தல் என்றும் அதற்கு உரை கூறுவர். ஒரு வண்டி இருக்க மற்றொன்று வாங்கும்போதும், ஐவர்க்குப் போதும் இடத்தில் எழுவர்க்கான வண்டி வாங்கும்போதும், இல்லறத்தார் நினைக்க வேண்டிய முதற்சொல் அதிவாகனம்.

இரண்டாவது, வேண்டாத பொருளைச் சேர்த்தல். கூரையில் கண்ணாடித் திறப்பு, இருக்கையில் குளிர்காற்று, அகன்ற திரை என ஒவ்வொரு படிக்கும் ஓரிரு இலட்சம் கூட்டி, 12 இலட்சத்தில் தொடங்கிய பேச்சு 17 இலட்சத்தில் முடிவதை வாங்கியவர் அறிவர். மூன்றாவதாகிய விஸ்மயம் மிக நுண்ணியது. பிறர் செல்வத்தைக் கண்டு வியந்து நிற்றல் என்பது அதன் பொருள். பொருளைச் சேர்ப்பது மட்டும் குற்றமன்று. அயலார் பொருளைக் கண்டு வாய்பிளந்து நிற்பதும் விரதத்திற்கு மாசு என்று நூல் கூறுகிறது. திருமண மண்டப வாயிலில் எவர் எவ்வண்டியில் வந்திறங்கினார் என்று நோக்கும் கண்கள், வண்டியின் உயரத்திற்கு ஏற்ப வரவேற்பின் உயரத்தை மாற்றும் உறவினர், இவர்களே பிறரைக் கடனுக்குத் தள்ளுகின்றனர். வாங்குபவர் குற்றத்தில் வியப்பவர்க்கும் பங்குண்டு. நான்காவது பேராசை, அதற்கு விளக்கம் வேண்டா.

ஐந்தாவது, அளவிற்கு மேல் சுமை ஏற்றுதல். வண்டி மாட்டின்மேல் ஏற்றும் பாரத்தையே நூல் கருதியது. இன்று சுமக்கும் உயிர் மாடு அன்று. மாத ஊதியத்தில் பாதி தவணைக்குச் செல்ல, வேலை போய்விடுமோ என்னும் அச்சத்தோடு இரவு உறங்கும் இளைஞனும் பாரம் சுமக்கும் உயிரே. மகன் விருப்பத்திற்காக ஏரிப்பாசன நிலத்தை அடமானம் வைக்கும் தந்தையும் அத்தகையவரே. இது நூலின் நேர்ப்பொருளன்று; நூலின் கருத்தை இக்காலத்திற்கு நீட்டிப் பார்ப்பதாகும். அந்நீட்சி நூலின் கருணைக்கு மாறுபட்டதன்று.

மூன்று குணவிரதங்களுள் முதலாவது திக்விரதம். இத்திசையில் இவ்வெல்லைக்கு அப்பால் செல்லேன் என வரையறுத்தல். ஊர்தி எளிதானால் அலைச்சலும் மிகும் என்பதைப் பெரியோர் அறிந்திருந்தனர். இரண்டாவது அனர்த்ததண்டம், பயனின்றி உயிர்க்குத் தீங்கு செய்தலைத் தவிர்த்தல். நிலமும் நீரும் தீயும் காற்றும் ஓரறிவு உயிர்களின் உடல் எனக் கொள்ளும் நெறியில் எரிபொருள் என்பது வெறும் செலவன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படும். மேற்கூறிய இரு வண்டிகளுக்கும் இடையே ஆண்டுக்கு 170 லிட்டர் வேறுபாடு. அதனால் ஏறக்குறைய 390 கிலோ வாயு. முதியவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல எரியும் பெட்ரோல் பயனுடையது. தோற்றத்திற்காக எரியும் கூடுதல் பெட்ரோல் அனர்த்தம் என்னும் சொல்லுக்குள் அடங்கும்.

காப்பியம் காட்டும் ஊர்தி

தமிழ்ச் சமணம் ஈந்த பெருங்காப்பியமாம் சீவகசிந்தாமணியிலும் ஊர்தி ஒன்று உண்டு. அமைச்சன் கட்டியங்காரனிடம் ஆட்சியை ஒப்படைத்த சச்சந்தன், கேடு நேரும் என உணர்ந்து, கருவுற்ற தேவி விசயைக்காக மயிற்பொறி ஒன்றைச் செய்வித்தான். பகை சூழ்ந்த நாளில் அப்பொறி அவளைச் சுமந்து பறந்து சுடுகாட்டில் இறக்கியது. அங்கே சீவகன் பிறந்தான். திருத்தக்கதேவர் காட்டும் அவ்வூர்தி வானில் பறப்பது, வியத்தற்குரியது. ஆயினும் இரண்டு உயிரைக் காத்ததே அதன் பெருமை. அரசமாதேவி இறங்கிய இடமோ சுடுகாடு. ஊர்தியின் சிறப்பு அதில் ஏறியவரின் நிலையை உயர்த்தவில்லை.

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் புகாரிலிருந்து மதுரைவரை கோவலன் கண்ணகியரோடு நடந்தே சென்றார். வழியில் சிற்றுயிர்க்கு ஊறு நேராதபடி அடியெடுத்து வைத்தார். அந்நடையை இன்றைய இல்லறத்தார் பின்பற்ற வேண்டும் என்று எவரும் கூறார். செல்லும் வழியெங்கும் பிற உயிர் உண்டு என்னும் அவரது நினைவு மட்டும், சக்கரத்தில் செல்வோர்க்கும் வேண்டுவதாகும்.

திருமலையின் கல்வெட்டொன்றையும் இங்கே நினைத்தல் தகும். முதலாம் இராசேந்திர சோழனின் வெற்றிகளைக் கூறும் புகழ்பெற்ற கல்வெட்டு அது. அதன் இறுதியில், நன்னப்பயன் என்னும் வணிகனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் நந்தாவிளக்கிற்கும் திருவமுதிற்கும் காசு வைத்த செய்தி உள்ளது. அவ்வணிகர் இல்லத்திலும் அக்காலத்திற்கேற்ற ஊர்திகள் இருந்திருக்கும். அவை எவை என்று அறிவார் இலர். ஆயிரம் ஆண்டு கடந்தும் அம்மையாரின் பெயர் நிற்பதற்கு அவர் வைத்துக்கொண்டது காரணமன்று, கொடுத்ததே காரணம்.

செய்யத்தக்கவை

ஆகவே, வாங்க எண்ணும் இல்லத்தார் சில செயல்களை முறையாகச் செய்தல் நன்று.

முதலாவது, சென்ற ஓராண்டில் குடும்பம் உண்மையில் எத்தனை கிலோமீட்டர் சென்றது, ஒருங்கே எத்தனை பேர் சென்றனர் என்பதை ஏட்டில் எழுதுக. நினைவு மிகுத்துக் கூறும். ஏடு உள்ளதைக் கூறும். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டருக்கு உட்பட்டு, நால்வர் ஐவரே செல்வர் எனில், பெருவண்டி அதன் செலவிற்குத் தக்கதன்று. சிறு காரோ, பழைய சிறு காரோ, வாடகை வண்டியோ போதும்.

இரண்டாவது, தவணை கட்டத் தொடங்கும் முன் ஆறு மாதம் அத்தவணைத் தொகையைத் தனிச் சேமிப்புக் கணக்கில் இட்டுப் பார்க்க. எரிபொருள், காப்பீடு, பராமரிப்பு ஆகியவற்றிற்கும் சேர்த்தே இடுக. இல்லச் செலவு இடறாமல் நடந்தால் வாங்கும் வலிமை உண்டு. இடறினால், கடனேறாமலே பாடம் கிட்டும்; கையில் பணமும் இருக்கும்.

மூன்றாவது, விளைநிலத்தையும் தாய்மாரின் நகையையும் வண்டிக்காக அடகு வைத்தலை அறவே தவிர்க்க. வளரும் பொருளை ஈடுவைத்துத் தேயும் பொருளை வாங்குதல் எவ்வகைக் கணக்கிலும் சேராது.

நான்காவது, 'வாங்கி, வேண்டாத நாளில் வாடகைக்கு விட்டுத் தவணை கட்டலாம்' என்னும் யோசனைக்குச் செவிசாய்க்க வேண்டா. வெள்ளைப் பலகை உடைய சொந்த வண்டியைக் கட்டணத்திற்கு ஓட்டுதல் சட்டத்திற்கு மாறானது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும். அஸ்தேயமும் சத்தியமும் அதனால் குறைபடும் என்பதைச் சிராவகர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

ஐந்தாவது, மணப்பேச்சில் வண்டி எதிர்பார்க்கும் வழக்கத்தை இரு வீட்டாரும் விலக்குக. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் தமிழ்நாட்டுச் சமணர் தொகை 89,265. வடநாட்டிலிருந்து வந்து குடியேறியோரையும் சேர்த்தே அத்தொகை. மிகச் சிறிய சமூகத்தில் ஒருவர் வீட்டுச் சீர் மறுநாளே பிறர் வீட்டு அளவுகோல் ஆகிவிடுகிறது. வசதியுள்ளவர் ஒருவர் மனமுவந்து ஈந்த வண்டி, வசதியற்ற பத்துத் தந்தையரின் தலையில் கடனாக இறங்குகிறது. ஆதலின் அடக்கம் முதலில் வசதியுள்ளவரிடமிருந்து தொடங்க வேண்டும்.

ஆறாவது, தலயாத்திரைக்கு உறவினர் நான்கைந்து குடும்பத்தார் ஒன்றுகூடி, உரிமம் பெற்ற வேனை அமர்த்திச் செல்லலாம். செலவும் பகிரப்படும், முதியோர்க்குத் துணையும் கிட்டும், பிள்ளைகள் உறவறிவர், பகலுணவோடு பொழுது சாயுமுன் திரும்பத் திட்டமிடவும் எளிது.

இளைஞர்க்கு ஒரு சொல். உழைத்து ஈட்டிய பொருளில் நல்ல வண்டி வாங்கி, பெற்றோரை அதில் அமர்த்தி, திருமலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்னும் விருப்பம் இழிந்ததன்று, அது பாராட்டத்தக்கது. அப்பெற்றோர் மகிழ்வது மகன் அருகில் இருப்பதனால். வண்டியின் நீளம் நான்கு மீட்டருக்கு உட்பட்டதா மேற்பட்டதா என்பது அவர்க்கு ஒரு பொருட்டன்று. கடன் தீர்க்கக் கூடுதல் நேரம் உழைத்து, ஊருக்கு வரவே பொழுதின்றிப் போகும் மகனைவிட, பேருந்தில் வந்திறங்கி இரண்டு நாள் தங்கிச் செல்லும் மகனே அவர்க்கு இனியன்.

தத்துவார்த்த சூத்திரம் இயற்றிய உமாசுவாமிகள், பற்றே பரிக்கிரகம் என வரையறுத்தார். எனவே பெருவண்டி வைத்திருப்பவரெல்லாம் குற்றமுடையர் அல்லர். பேருந்தில் செல்பவரெல்லாம் குற்றமற்றவரும் அல்லர். தேவை அறிந்து, எல்லை வரைந்து, கடனுக்கு அஞ்சி, பிறரைக் கண்டு வியவாது வாங்கியவர் பெருவண்டியில் சென்றாலும் விரதத்தின் உள்ளேயே செல்கிறார். எல்லை வரையாதவர்க்குச் சிறு காரும் அதிவாகனமே.

இந்த ஆகிஞ்சன்ய நாளில், ஒவ்வோர் இல்லத்தின் தலைவரும் தலைவியும் பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு, தம் குடும்பத்திற்குரிய பொருளெல்லையை ஒரு தாளில் எழுதுவாராக. நிலம் இவ்வளவு, பொன் இவ்வளவு, ஊர்தி இத்தனை, கடன் இதற்கு மேல் இல்லை, ஆண்டுதோறும் அறத்திற்கு இவ்வளவு என்று எழுதுவாராக. வண்டிக் காட்சியகத்தில் அமர்ந்து முடிவு செய்வதினும் அத்தாளின் முன் அமர்ந்து செய்யும் முடிவு உறுதியுடையது.

அறம் வளர்க! அருகன் திருவடி வாழ்க! ஜெயஜினேந்திரா!